அமராவதி ஊற்றிய ஆயில்

சின்னக்கரட்டூரில் சென்னியப்பனின் ட்ராக்டர் பாட ஆரம்பித்தபோது ஊர் அதைப் பற்றி ரொம்பப் பேசிக்கொண்டிருக்கவில்லை, ஏனென்றால் அது மாசி மாதம், மஞ்சள் வெட்டு நடந்துகொண்டிருந்தது, ஆள் கிடைக்காமல் எல்லாரும் அல்லாடிக்கொண்டிருந்தார்கள். எந்திரம் பாடுகிறது என்றால் பாடட்டும், நமக்குத் தலைக்கு மேலே வேலை கிடக்கிறது என்பதுதான் ஊரின் முதல் கருத்தாக இருந்தது.

அதைப் பாட்டு என்று சொல்வதும் அவ்வளவு சரியில்லை. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் இருமும், செருமும், கொஞ்சம் கரும்புகை கக்கும், பிறகு ஒரு சீராகத் தடதடக்கத் தொடங்கும். அந்தத் தடதடப்புக்கு நடுவிலிருந்து, வாயைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே இழுக்கிற ஒரு மெட்டு எழும். மெல்ல மேலே ஏறும், ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் அடுத்தது மறந்துபோனதுபோலச் சட்டென்று நிற்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மிளகாய் பறிக்கும்போதும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும், ட்ராக்டருக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து நட்டு முடுக்கும்போதும், அந்த மெட்டை அதே இடத்தில் நிறுத்தி மறுபடி தொடங்குகிற ஒரே ஒருத்தி அந்த ஊரில் இருந்தாள். அவள் சென்னியப்பனின் ஒரே மகள் அமராவதி. அவள் இப்போது ஊரில் இல்லை.

அவள் போன கதை ஊருக்கெல்லாம் தெரியும், ஆனால் நான் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியாது. ட்ராக்டரை வாங்கிய நாளிலிருந்து அதற்கு என்ன ஆயில், எந்த ஃபில்டர், எப்போது கிரீஸ் என்பதெல்லாம் அமராவதியின் பாடு. சென்னியப்பன் மேலே ஏறி உட்கார்ந்து ஓட்டுவார், அவ்வளவுதான். ஒரு சித்திரை மாதம் அவள் பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புது ஆயிலை ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில், சாயங்காலம் பொழுதோடு வருவதாகச் சொல்லியிருந்த மாப்பிள்ளை வீட்டார் மத்தியானமே வந்து இறங்கிவிட்டார்கள். முழங்கை வரைக்கும் கறுப்போடு, கையில் புனலோடு அவள் நிமிர்ந்து பார்த்து "வாங்க" என்றாள். வந்தவர்கள் காப்பியைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை. அவர்களுடைய கார் தோட்டத்து வழியைத் தாண்டுவதற்குள், பண்ணையத்து ஆட்கள் நிற்க, அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் நிற்க, இனிமேல் இந்த ட்ராக்டரைத் தொட்டால் கையை முறித்துவிடுவேன் என்று சென்னியப்பன் கத்தினார். அமராவதி ஆயில் மூடியை இறுக்கி மூடினாள், கையைத் துணியில் துடைத்தாள், சாவியை ஆணியில் மாட்டினாள். அந்த மாதமே ஓசூரில் ட்ராக்டர் பட்டறை ஒன்றில் வேலைக்குப் போய்விட்டாள். அங்கேயே கூட வேலை பார்த்தவனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்குச் சொல்லி விட்டாள். சென்னியப்பனின் மனைவி வேலாத்தா மட்டும் போய்வந்தாள். சென்னியப்பனுக்கு வருத்தம் ஆளுயரத்துக்கு இருந்தது, வீம்பு அதைவிட ஒரு சாண் எச்சாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் காட்டையெல்லாம் குத்தகைக்கு விட்டுவிட்டார். ட்ராக்டர் கொட்டகையில் சும்மா நின்றது, அதன் உட்காரும் பலகையில் கோழி முட்டையிட்டது. ஒரு மாசி மாதம் விற்றுவிடலாம் என்று ஒருவரை வரச்சொல்லி, அவர் பார்ப்பதற்காகச் சாவியைத் திருப்பியபோதுதான் அது பாடியது. வாங்க வந்தவர் கொஞ்ச நேரம் கேட்டார், சென்னியப்பனின் முகத்தைப் பார்த்தார், இதை விற்காதீங்க என்று சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

அன்றிலிருந்து காத்தால காப்பி குடித்ததும் சென்னியப்பன் கொட்டகைக்குப் போவார், ட்ராக்டரைக் கிளப்புவார், பத்து நிமிடம் கேட்பார், நிறுத்துவார். அந்தப் பத்து நிமிடம் ஊரின் நேரமாகிவிட்டது. பால் சொசைட்டிக்குக் கேனைக் கொண்டுபோகிறவர்கள் வேலிப்பக்கம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றார்கள். பெண்கள் புளியையும் அரிவாள்மணையையும் எடுத்துக்கொண்டு வந்து கொட்டகை நிழலில் உட்கார்ந்து கொட்டை எடுத்தார்கள். டவுன் பஸ் டிரைவர் கரட்டு வளைவில் வேகத்தைக் குறைத்து, மெட்டு நிற்கிற இடம் வரைக்கும் பொறுத்திருந்து, அப்புறம்தான் ஹாரன் அடித்தார். கோயில் நோம்பிக்கு வந்த ரேடியோ செட்டுக்காரர் அந்த நேரத்துக்குத் தன் குழாயை அணைத்து வைத்தார். பால் கறக்க விடாத ஒரு எருமையை ஒரு மாதம் கொட்டகைக்குப் பக்கத்தில் கட்டிவைத்தார்கள், அது கறக்க விட்டது. ட்ராக்டர் எப்படிப் பாடுகிறது என்று கேட்ட வெளியூர்க்காரர்களுக்குப் புளி எடுக்கும் பெண்கள் விளக்கம் சொன்னார்கள்: புள்ள ஆயிலு ஊத்தும்போது பாடிக்கிட்டே ஊத்துனா, அது ஆயிலோட கலந்து உள்ள போயிருச்சு, அவ்வளவுதானுங்க, இதுல என்ன இருக்குது.

ஆனால் ஒரு விசயத்தில் ஊர் முழுக்க ஒரே வாயாக இருந்தது. சென்னியப்பன் முன்னால் ஒருவரும் அமராவதி பேரை எடுக்கவில்லை. அவரை வழியில் பார்த்தால், இன்னைக்கு வண்டி சத்தம் நல்லா இருந்துச்சுங்க என்பார்கள். அவரும், ஆமா, பரவால்ல என்பார். சண்டை சச்சரவுக்குப் பேர் போன ஊர்தான் அது, வேலியோரத்து வேம்புக்குக்கூடக் கோர்ட்டுக்குப் போனவர்கள்; இருந்தாலும் அந்த மனிதர் மனசு நோகக் கூடாது என்று இத்தனை பேர் சேர்ந்து இத்தனை நாள் கவனமாகப் பேசினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு அந்த ஊர்மேல் பிரியம் வந்துவிடுகிறது.

போன வருசம் ஐப்பசியில் ட்ராக்டருக்குத் தொண்டை கட்டியது. முதலில் மெட்டு கரகரத்தது, பிறகு ஏறவேண்டிய இடத்தில் ஏற முடியாமல் இழுபட்டது, பிறகு நடுவில் இருமல் வந்தது. ஒருத்தி சுக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்து மட்கார்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள், அதை யாரும் கேலி செய்யவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சென்னியப்பன் தாராபுரத்திலிருந்து மெக்கானிக் ரசாக்கை வரச்சொன்னார்.

ரசாக் ஆயில் அளக்கும் குச்சியை உருவிப் பார்த்தான். தாரைப் போலக் கறுப்பு. ஆயில் மூடியைத் திறந்து, அதன் உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். அங்கே வெள்ளையாக நுரை படிந்திருந்தது.

"இது ஆயிலே இல்லீங்ணா, மோருங்க" என்றான். "கடைசியா எப்ப மாத்துனது?"

வண்டி ஓடின மணி கம்மிதானே, மீட்டரைப் பாரு, இன்னும் ஆயில் மாத்தற மணியே வரலியே என்றார் சென்னியப்பன். ரசாக் விளக்கினான். கம்மியாக ஓடுகிற வண்டிக்குத்தான் சீக்கிரம் கெடும். கிளப்பிக் கொஞ்ச நேரத்தில் நிறுத்தினால் எஞ்சின் சூடேறுவதில்லை, உள்ளே கோர்க்கிற ஈரம் ஆவியாவதில்லை, ஆயிலோடு கலந்துவிடுகிறது. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு இன்னும் ஒரு வாய்கூட உண்ணவில்லையே என்றால் ஊசாமல் இருக்குமா. மீட்டர் மணியைப் பார்க்காமல் வருசத்துக்கொரு தரம் மாத்தியே ஆகவேண்டும். ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், எல்லாம். மாத்தாமல் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும், அப்புறம் பேரிச்சம்பழத்துக்குத்தான் போடவேண்டும்.

ஆயிலை மாற்றினால் ஆயிலில் இருக்கிற குரல் போய்விடும். மாற்றாவிட்டால் எஞ்சின் போய்விடும், அதோடு குரலும் போய்விடும். சென்னியப்பன் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஊர் கூடிப் பேசியது. தடிமனான ஆயிலாக ஊற்றினால் புள்ளையின் குரல் ஆம்பளைக் குரலாகிவிடும் என்று ஒருவர் பயந்தார், அதனால் நீர்த்த ஆயில்தான் சரி என்றார். நீர்த்ததை ஊற்றினால் கீச்சென்று ஆகிவிடும் என்றார் இன்னொருவர். ஆயிலை மாற்றிக்கொள்ளலாம், ஃபில்டரை மட்டும் தொடக் கூடாது, அழுக்கைப் பிடித்து வைக்கிற ஃபில்டர் குரலையும் பிடித்து வைத்திருக்கும் என்று மூன்றாமவர் அடித்துச் சொன்னார். அடைத்த ஃபில்டருக்குள் ஆயில் போகாது, சுற்றுவழியில் வடிகட்டாமலே எஞ்சினுக்குள் போய்விடும், அதற்கு ஃபில்டரே இல்லாமல் ஓட்டலாம் என்று ரசாக் கத்திப் பார்த்தான். புளி எடுக்கும் பெண்கள் சொன்ன யோசனைக்குத்தான் ஆதரவு அதிகமாக இருந்தது. பழைய ஆயிலில் ஒரு டம்ளர் எடுத்து வைத்துக்கொள்வது; புது ஆயிலை ஊற்றியதும் அதை மேலாக விட்டு உறை ஊற்றுவது; பாலெல்லாம் தயிராகிறபோது ஆயிலெல்லாம் பாட்டாகாதா. ரசாக் தலையில் கை வைத்துக்கொண்டான். கெட்ட ஆயிலை நல்ல ஆயிலில் விட்டால் நல்லதும் கெட்டுவிடும் என்பது அவன் கட்சி. கெட்ட மோரை உறை ஊற்றினாலும் அப்படித்தான் என்று ஒரு பெண் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டாள், மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் சென்னியப்பன் தாராபுரத்துக்கு ஆயில் வாங்கப் போனார். கடை முழுக்க கேன்கள், சிவப்பு, மஞ்சள், நீலம். கடைக்காரர் என்ன ஆயில், எந்த கிரேடு, இதுக்கு முன்னால என்ன ஊத்தியிருந்தீங்க என்று கேட்டார். சென்னியப்பனுக்குத் தெரியவில்லை. ஃபில்டர் என்ன சைஸ் என்று கேட்டார். அதுவும் தெரியவில்லை. இத்தனை வருசம் தன் பிழைப்பைச் சுமந்த வண்டிக்குள் என்ன ஓடியது என்று தனக்குத் தெரியாது, அது தெரிந்தவளைத்தான் நாலு பேர் முன்னால் நிற்கவைத்துக் கத்தினோம் என்பது அந்தக் கடை வாசலில்தான் அவருக்கு உறைத்தது. வெறும் பையோடு திரும்பி வந்தார்.

வேலாத்தா அவர் கையில் இருந்த பையைப் பார்த்தாள்.

"ஊத்துனவ நல்லாத்தான இருக்கறா. அவளையே கேக்கறது."

"நீயே கேட்டுச் சொல்லு" என்றார்.

"ட்ராக்டரும் உங்களுது, வாயும் உங்களுது" என்று சொல்லிவிட்டு, எண்ணை அழுத்தி போனை அவர் கையில் வைத்துவிட்டு வேலாத்தா மாட்டுக்குச் சோளத்தட்டு போடப் போனாள்.

அந்தப் பக்கம் பட்டறைச் சத்தம் கேட்டது, சுத்தியல், ஏதோ ஓடுகிற எஞ்சின். அம்மா கூப்பிடுகிறாள் என்று நினைத்து, சொல்லும்மா என்றாள் அமராவதி. சென்னியப்பன் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது; பட்டறைச் சத்தம் விலகி விலகிக் குறைந்தது, அவள் வெளியே நடந்து வந்துவிட்டாள்.

"ஆயிலு மாத்தோணும்" என்றார்.

"சொல்லுங்கப்பா" என்றாள்.

அதற்குப் பிறகு அவர்கள் ஆயிலைப் பற்றி மட்டுமே பேசினார்கள். டீசல் எஞ்சினுக்கென்று இருக்கிற ஆயில், பதினைந்து டபிள்யூ நாற்பது, கேன் மேலேயே போட்டிருக்கும், நம்ம வெயிலுக்கும் மார்கழிப் பனிக்கும் அதுவே போதும், தடிமன் மெலிசு என்று ஊர்க்காரர்கள் சொல்வதையெல்லாம் கேட்கவேண்டாம் என்றாள். ஃபில்டர் வண்டிக் கம்பெனியுடையதாகவே வாங்கச் சொன்னாள், விலை கம்மியாகக் கிடைக்கிறதில் உள்ளே காகிதம் சரியிருக்காது. ஏர் கிளீனர் அடியில் ஒரு கிண்ணம் இருக்கும், அதையும் கழுவி அதே ஆயிலைக் கோடு வரைக்கும் ஊற்றவேண்டும். எஞ்சினைச் சூடாக்கிவிட்டுத்தான் பழசை இறக்கவேண்டும், அப்போதுதான் கசடும் சேர்ந்து வரும். புது ஃபில்டரின் ரப்பரில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே முடுக்கவேண்டும், ஸ்பேனர் போட்டு இறுக்கக் கூடாது. உறை ஊற்றுகிற பேச்சையும் அம்மா சொல்லிக் கேட்டிருப்பாள் போலிருக்கிறது. அதெல்லாம் வேண்டாம் என்றாள். பிறகு, தினமும் எத்தனை நேரம் ஓட்டறீங்க என்று கேட்டாள்.

"பத்து நிமிசம்."

"அதுதானுங்கப்பா தப்பு. கெளப்புனா ஒரு மணி நேரமாச்சும் ஓடோணும். எதுக்குங்கப்பா பத்து நிமிசம்?"

"பேட்டரி எறங்காம இருக்கோணுமல்ல" என்றார் சென்னியப்பன்.

பிறகு, ஊர் தன்னிடம் பேசுகிற பாசையிலேயே அவளிடம் கேட்டார்.

"மாத்துனா, வண்டி சத்தம் மாறிப்போகுமா?"

"மாறுமுங்கப்பா" என்றாள் அமராவதி. "மாறட்டும்."

சரி என்று சொல்லி போனை வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அன்று முழுக்க அந்த ஒரு கேள்வி அவர் தொண்டையில் நின்றது, சோறு இறங்கவில்லை, தண்ணீர் இறங்கவில்லை.

வாங்கவேண்டியதையெல்லாம் அவள் சொன்னபடி வாங்கிவந்து, ஒரு வெள்ளிக்கிழமை காத்தால அவரே வேலையைத் தொடங்கினார். ரசாக் பக்கத்தில் நின்றான், ஆனால் அவனைக் கை வைக்க விடவில்லை. ஊர் முழுக்க வந்திருந்தது. முதலில் எஞ்சினைச் சூடாக்கினார். கட்டிய தொண்டையோடு அந்த மெட்டு கடைசித் தடவையாக ஏறப் பார்த்தது, முடியாமல் நின்றது. நிறுத்திவிட்டு அடி நட்டைக் கழற்றினார். பழைய ஆயில் கறுப்பாக, கெட்டியாக, ஒரு சத்தமும் இல்லாமல் சட்டியில் இறங்கியது. டம்ளரோடு வந்திருந்த பெண்களைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். அந்த ஆயிலைப் பிற்பாடு கரையான் ஏறாமலிருக்க ஆடு அடைக்கிற தொண்டுப்பட்டிக் கதவுக்குப் பூசினார்கள். அந்தக் கதவு இன்றைக்கும் திறக்கும்போது கொஞ்சம் மெட்டோடுதான் திறக்கிறது, ஆடுகளுக்கு அது பழகிவிட்டது.

ஃபில்டரின் ரப்பரில் விரலால் ஆயில் தடவிக் கையாலேயே முடுக்கினார். கிண்ணத்தைக் கழுவிக் கோடு வரைக்கும் ஊற்றினார். பிறகு புனலை வைத்து, கேனைச் சாய்த்து, தேன் நிறத்தில் இருந்த புது ஆயிலை நூலாக ஊற்ற ஆரம்பித்தார். அவர் பாடவில்லை, அவருக்குப் பாட வராது. வாயைக்கூடத் திறக்கவில்லை. கைகள் இரண்டும் முழங்கை வரைக்கும் கறுத்திருந்தன, அவற்றைப் பார்த்துக்கொண்டே ஊற்றினார், பார்க்கப் பார்க்கக் கண் நிறைந்தது. கேன் முழுக்கக் காலியாகிற வரைக்கும் தலையை நிமிர்த்தவில்லை.

சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு இருமல் இல்லாமல் பிடித்துக்கொண்டது, சீராக ஓடியது, புகைகூட இல்லை. அவ்வளவுதான். வெறும் எஞ்சின் சத்தம். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் பழக்கத்தை விடாமல், வண்டி சத்தம் நல்லா இருக்குதுங்க என்றார், அவர் குரலும் உடைந்துவிட்டது.

பத்து நிமிடம் ஆனதும் சென்னியப்பனின் கை தானாக நிறுத்துகிற குமிழுக்குப் போனது. ஒரு மணி நேரமாவது ஓடவேண்டும் என்று அவள் சொன்னது ஞாபகம் வர, கையை எடுத்துக்கொண்டார். எஞ்சின் இத்தனை வருசத்தில் ஏறாத சூட்டுக்கு மெல்ல ஏறியது. ஏறியதும் அதன் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. மெட்டு இல்லை, பாட்டு இல்லை. சென்னியப்பனின் குரல்.

"சாப்பிட்டியா கண்ணு" என்றது ட்ராக்டர்.

தடதடப்பு மாறாமல் மறுபடி கேட்டது. சாப்பிட்டியா கண்ணு. அங்க குளிரா கண்ணு. அந்தத் தம்பி நல்லா பாத்துக்கறாரா கண்ணு. கை கறுப்பா இருந்தா என்ன கண்ணு. அப்பன் கத்துனது தப்பு கண்ணு. சாப்பிட்டியா கண்ணு.

ஊர் முழுக்க நின்று கேட்டது. சென்னியப்பன் கூச்சத்தில் குமிழைப் பிடித்தார், இழுக்கத்தான் பார்த்தார், கை வரவில்லை; தான் ஒரு நாளும் சொல்ல முடியாததைத் தன் வண்டி இத்தனை பேர் முன்னால், அன்றைக்குக் கத்திய அதே இடத்தில் நின்று சொல்லிக்கொண்டிருக்க, தலையை ஸ்டியரிங்கில் சாய்த்துக்கொண்டு அழுதார். வேலாத்தா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, போனில் எண்ணை அழுத்தி, அதை எஞ்சினுக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தாள். ரொம்ப நேரம் பிடித்திருந்தாள். அந்தப் பக்கம் பட்டறையில் ஒவ்வொரு எஞ்சினாக நிற்பதும், கடைசியில் அமைதியாவதும் கேட்டது.

பிறகு போனை அவர் காதில் வைத்தாள்.

"இன்னும் சாப்பிடலீங்கப்பா" என்றாள் அமராவதி. "பொழுதோட அங்க வந்து சாப்பிட்டுக்கறனுங்க. வண்டிய நிறுத்திப்போடாதீங்க."

புளி எடுக்க வந்திருந்த பெண்கள் எழுந்தார்கள், பால் கேன்காரர்கள் சைக்கிளை நிமிர்த்தினார்கள். போகிறபோது ஒவ்வொருவராக, வண்டி சத்தம் நல்லா இருக்குதுங்க என்று சென்னியப்பனிடம் சொல்லிவிட்டுப் போனார்கள், அவரும் ஒவ்வொருவருக்கும் ஆமா என்றார். வேலாத்தா போனை அவர் மடியில் வைத்துவிட்டு அரிசி களைய உள்ளே போனாள்.